உங்களுக்குத் தெரியுமா? வின்னிபெக்கில் பசித்தால்...

கனடா என்றதும் டொரன்டோ, வான்கூவர் என்றுதான் நம் வாயில் வரும். இரண்டுக்கும் நடுவே, கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமையும் கனோலாவும் விளையும் சமவெளியில் இருக்கிறது வின்னிபெக். மனிடோபா மாகாணத்தின் தலைநகர். 2021 கணக்கெடுப்பில் சுமார் 7.5 லட்சம் பேர். படிக்கப் போன பிள்ளையைப் பார்க்கவோ, வேலை நிமித்தமோ அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு முதல் நாளே எழும் கேள்வி: எங்கே, என்ன சாப்பிடுவது? யார் எந்தக் காலத்தில் வந்து குடியேறினார்கள் என்று தெரிந்துகொண்டால் இந்த ஊர் மெனு கார்டு தானாகப் புரிந்துவிடும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

● முதல் சாப்பாடு எங்கே?
ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் கூடுகிற இடத்துக்கு த ஃபோர்க்ஸ் என்று பெயர். 6,000 ஆண்டுகளாக மக்கள் கூடிப் பண்டம் மாற்றிய இடம். இன்று அங்கே நிற்கும் ஃபோர்க்ஸ் மார்க்கெட், ஒரு காலத்தில் போட்டி ரயில் கம்பெனிகளின் குதிரை லாயங்களாக இருந்த கட்டடங்கள். அவற்றை இணைத்து 1989-இல் சந்தையாக்கினார்கள். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். வீட்டில் நாலு பேர் என்றால் நாலு பேரும் நாலு கடையில் வாங்கிக்கொண்டு ஒரே மேசையில் உட்காரலாம். எது பிடிக்கும் என்று தெரியாத முதல் நாளுக்கு இதுதான் பாதுகாப்பான தேர்வு.

● கேட்காமலே வரும் தண்ணீர்
உட்கார்ந்ததும் ஐஸ் மிதக்கும் தண்ணீர் வைப்பார்கள். வெளியே மைனஸ் 30 டிகிரி என்றாலும் ஐஸ் உண்டு. வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதற்குக் காசில்லை, குழாய்த் தண்ணீர்தான், பயமில்லாமல் குடிக்கலாம். ஒன்டாரியோ எல்லையில் உள்ள ஷோல் ஏரியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரம், நிலத்தின் சரிவை நம்பியே ஓடி வரும் தண்ணீர் அது. அந்த நீர்வழி 1919-இல் கட்டி முடிக்கப்பட்டது.

இந்த டம்ளருக்குப் பின்னால் ஒரு அநியாயமும் இருக்கிறது. அந்தக் கட்டுமானத்துக்காக வெட்டிய வெட்டில், ஏரிக்கரையில் இருந்த ஷோல் லேக் 40 என்ற பூர்வகுடி மக்களின் ஊர் நிலத்திலிருந்து துண்டிக்கப்பட்டுத் தீவாகிவிட்டது. நகரத்துக்கே தண்ணீர் தந்த அந்த ஊர்க்காரர்கள், தங்கள் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது என்ற எச்சரிக்கையோடு 24 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். வெளியுலகோடு இணைக்கும் சாலை 2019-இல்தான் வந்தது. சுத்திகரிப்பு நிலையம் 2021-இல்.

● இறைச்சிக்கு ஒரு தடை, தடைக்கு ஒரு சண்டை
காட்டெருமையான பைசனின் இறைச்சியை உலர்த்திப் பொடித்து, உருக்கிய கொழுப்பும் காட்டுப் பழங்களும் சேர்த்து அமுக்கினால் பெமிக்கன். மாதக்கணக்கில் கெடாது. மென்மயிர்த் தோல் வியாபாரத்துக்காகப் படகு வலித்தவர்களின் வயிற்றை நிரப்பியது இதுதான். பூர்வகுடிகளுக்கும் ஐரோப்பியர்களுக்கும் பிறந்தவர்களின் வழிவந்த மெட்டி மக்கள் இதைச் செய்து விற்றுப் பிழைத்தார்கள். 1814 ஜனவரியில், ரெட் ஆற்றுக் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மக்டொனல் பெமிக்கனை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தடை போட்டார். பகை முற்றியது. 1816 ஜூன் 19-இல் செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் மூண்ட மோதலில், அடுத்து வந்த ஆளுநர் ராபர்ட் செம்பிளும் அவர் ஆட்கள் 20 பேரும் இறந்தார்கள். அந்த இடம் இன்று வின்னிபெக் நகரத்துக்குள், மெயின் ஸ்ட்ரீட் ஓரமாக இருக்கிறது.

● பைசன் பர்கர்
மனிடோபாவின் கொடியிலேயே பைசன் நிற்கிறது. பண்ணைகளில் வளர்க்கப்பட்ட பைசன் இறைச்சி இன்று பர்கராகவும் ஸ்டூவாகவும் பல உணவகங்களில் கிடைக்கும். கொழுப்பு குறைவு என்பதால் அதிகம் வேகவிட்டால் வறண்டுவிடும். மாட்டிறைச்சியைத் தவிர்க்கிறவர்கள் கவனிக்க: பைசனும் மாட்டுக் குடும்பம்தான்.

● பானக்
கனடாவில் பூர்வகுடி மக்கள் அதிகமாக வாழும் நகரம் வின்னிபெக். அவர்கள் வீடுகளில் சுடப்படும் ரொட்டி பானக். கோதுமை மாவு, கொழுப்பு, தண்ணீர், கொஞ்சம் பேக்கிங் பவுடர், சுடலாம், பொரிக்கலாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் வழியாக வந்து, பூர்வகுடிகளின் கையில் வேறு உருவெடுத்தது. கிறிஸ்டா புருனோ-குவென்தர் என்ற பூர்வகுடிப் பெண் சமையற்கலைஞர் 2015-இல் எல்லிஸ் அவென்யூவில் தொடங்கிய ஃபீஸ்ட் கஃபே பிஸ்ட்ரோ, பானக் மேல் பீட்சா செய்து பெயர் வாங்கியது.

● அரிசி இல்லாத அரிசி
மெனுவில் ‘வைல்ட் ரைஸ்’ என்று பார்த்ததும் சோறு கிடைத்துவிட்டது என்று மகிழ வேண்டாம். நம் நெல்லுக்கு உறவென்றாலும் இது வேறு புல். ஆழம் குறைந்த ஏரிகளில் தானாக வளரும். அனிஷினாபே மக்கள் படகில் போய், கதிரை வளைத்துத் தட்டி, படகுக்குள்ளேயே மணியை உதிர்த்துக்கொள்வார்கள். கறுப்பாக, நீளமாக இருக்கும். வேக நேரம் பிடிக்கும். சூப்பிலும் மீனுக்குப் பக்கத்திலும் வரும். சைவர்கள் சூப்பைக் கேட்டுவிட்டுக் குடிக்கவும். அடிச்சாறு பெரும்பாலும் கோழி.

● மாதா கோயில் நிலவறையில் பெரோகி
உக்ரைனிலிருந்து முதல் குடியேறிகள் இருவர் கனடாவுக்கு வந்தது 1891-இல். அடுத்த இருபது ஆண்டுகளில் இலவச நிலம் தேடி ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். அவர்கள் தந்த பண்டம் பெரோகி: நம்ம ஊர் சோமாசை எண்ணெயில் போடாமல் தண்ணீரில் வேகவைத்தது மாதிரி இருக்கும். உள்ளே மசித்த உருளைக்கிழங்கும் சீஸும். மேலே வதக்கிய வெங்காயம், பக்கத்தில் புளித்த க்ரீம். நல்ல பெரோகி வேண்டுமென்றால் பெரிய உணவகத்தைத் தேடாதீர்கள். உக்ரைனியத் தேவாலயங்களின் நிலவறைக் கூடங்களில், வயதான பெண்கள் கூடி உட்கார்ந்து கையால் பிடித்து, கோயில் நிதிக்காக விருந்து போடுவார்கள். வெளியாட்களும் காசு கொடுத்துச் சாப்பிடலாம். கவனம்: மேலே தூவும் பொடித் துண்டுகள் பல இடங்களில் பன்றி இறைச்சியான பேக்கன். ‘பேக்கன் வேண்டாம்’ என்று சொன்னால் போதும், அருமையான சைவச் சாப்பாடு.

● நார்த் எண்ட்
ரயில் தண்டவாளங்களுக்கு வடக்கே உள்ள பகுதி. உக்ரைனியர், போலந்துக்காரர், யூதர் என்று வந்திறங்கிய ஏழைகளின் முதல் முகவரி. செல்கிர்க் அவென்யூவில் 1937-இல் தொடங்கிய கன்ஸ் பேக்கரி இன்றும் பேகல் சுடுகிறது. கம்புநிறத்தில் கனமான ரொட்டியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வின்னிபெக்கின் ரை ரொட்டி மென்மையாக, வெளிர் நிறத்தில் இருக்கும். முட்டைக்கோஸ் இலையில் சோற்றைச் சுருட்டி வேகவைக்கும் ஹொலுப்சியும் இந்தப் பக்கத்துச் சரக்குதான்.

● பெயர் கிட்டத்தட்ட ஒன்று, சாதி வேறு
1874-இல் ரஷ்யப் பேரரசிலிருந்து மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மனிடோபாவுக்கு வந்தார்கள். போரில் கலந்துகொள்ளாதது இவர்கள் மதக் கொள்கை. இவர்களும் பெரோகிபோல ஒன்று செய்வார்கள்; பெயர் வெரெனிகி. உள்ளே உருளைக்கிழங்குக்குப் பதில் பாலாடைக்கட்டி. மேலே வெண்மையான க்ரீம் குழம்பு. கோடையில் இவர்கள் வீட்டு விருந்தில் பொரித்த மாவுப் பட்டைகளையும் தர்பூசணித் துண்டுகளையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். விநோத ஜோடிதான்; ஒருமுறை சாப்பிட்டவர்கள் குறை சொல்வதில்லை.

● ஏலக்காய் மணக்கும் ஐஸ்லாந்து
வின்னிபெக்கிலிருந்து வடக்கே சுமார் 90 கிலோமீட்டர் போனால் கிம்லி. 1875-இல் ஐஸ்லாந்துக்காரர்கள் ஏரிக்கரையில் குடியேறிய ஊர். இவர்களின் பெருமை வினார்டெர்ட்டா: மெல்லிய பிஸ்கட் அடுக்குகளுக்கு நடுவே உலர்ந்த பிளம் பழக் கூழ். ஏழு அடுக்கு என்பது வழக்கம். வாசனைக்கு என்ன தெரியுமா? ஏலக்காய்! ஐஸ்லாந்திலேயே பழசாகிப்போன இந்தப் பண்டத்தை, கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் விடாமல் செய்கிறார்கள். மேலே சர்க்கரைப் பூச்சு வேண்டுமா வேண்டாமா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் தீராத வழக்கு.

● பிக்கரல் கேளுங்கள்
கடல் மிகத் தொலைவு. ஆனால் வின்னிபெக் ஏரி, உலகின் பெரிய நன்னீர் ஏரிகள் பத்தில் ஒன்று. மற்ற இடங்களில் வாலாய் எனப்படும் மீனை இங்கே பிக்கரல் என்கிறார்கள். வெள்ளைச் சதை, முள் குறைவு, மீன் வாடையும் குறைவு. மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்துத் தருவார்கள். விவரம் தெரிந்தவர்கள் கேட்பது ‘பிக்கரல் சீக்ஸ்’, அதாவது மீனின் கன்னச்சதை. ஒரு மீனுக்கு இரண்டே துண்டு. கிடைத்தால் விடாதீர்கள்.

● பனிக்கு அடியில் வலை
அந்த மீன் குளிர்காலத்திலும் புதிதாகக் கிடைப்பது எப்படி? உறைந்த ஏரியில் துளை போட்டு, பலகைக் கருவி ஒன்றை உள்ளே விட்டு, பனிக்கட்டிக்கு அடியிலேயே கயிற்றை அடுத்த துளை வரை கொண்டுபோவார்கள். பிறகு கயிற்றைப் பிடித்து வலையை இழுத்து விரிப்பார்கள். காற்று வீசும் வெட்டவெளியில் கைவிரல் மரத்துப்போகும் வேலை அது.

● சிவப்பு மீன்
கோல்டை என்ற சின்ன மீனைப் பச்சையாகச் சமைத்தால் சதை குழகுழவென்றிருக்கும், ருசியும் இருக்காது. 1886-இல் ராபர்ட் ஃபர்த் என்பவர் அதைப் புகையில் வாட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் சூடு அதிகமாகி மீன் வெந்தே போய்விட்டது; அதுதான் ருசியாக இருந்தது என்பது ஊரார் சொல்லும் கதை. பிறகு ரயில் உணவுப்பெட்டிகளின் மெனுவில் ஏறி, கண்டம் முழுக்கப் பேர் வாங்கியது. அதன் பளீர் சிவப்பு சாயத்தால் வருவது; மீனின் நிறமல்ல. நகரத்தின் பேஸ்பால் அணிக்கும் கோல்டைஸ் என்றே பெயர்.

● ஃபேட் பாய்
பெயரே சொல்லிவிடுகிறது. மாட்டிறைச்சி பர்கரின் மேல், காரம் போட்ட கொத்துக்கறிச் சாறு ஊற்றி, கடுகுச் சாந்து, மயோனிஸ், தக்காளி, கீரை, நீளவாக்கில் வெட்டிய வெள்ளரி ஊறுகாய் எல்லாம் அடைத்துத் தருவார்கள். கிரேக்கக் குடியேறிகள் நடத்திய பர்கர் கடைகளில் பிறந்தது. இன்றும் பல கடைகள் அவர்கள் குடும்பங்களின் கையில் இருந்து வந்தவைதான். எங்கே நல்ல ஃபேட் பாய் என்று கேட்டால் நாலு பேர் நாலு கடையைச் சொல்வார்கள். வெள்ளைச் சட்டையோடு போகாதீர்கள். டிஷ்யூ பேப்பரைக் கேட்காமலே கை நிறையத் தருவதற்குக் காரணம் இருக்கிறது.

● நிப்
1931-இல் ரால்ஃப் எர்வின் என்ற அமெரிக்கர் தொடங்கியது சால்ஸ்பரி ஹவுஸ். சிவப்புக் கூரை அடையாளம். அங்கே பர்கர் என்று கேட்கமாட்டார்கள், ‘நிப்’ என்பார்கள். வதக்கிய வெங்காயத்தோடு வரும் சின்ன பர்கர். தாத்தா கூட்டிப்போன கடைக்குப் பேரன் தன் பிள்ளையைக் கூட்டிவரும் ரகம். ஊரின் ராக் பாடகர் பர்ட்டன் கம்மிங்ஸ் இதில் பங்குதாரராகவே சேர்ந்தார்.

● ஹனி டில்
சிக்கன் ஃபிங்கர்ஸ் வாங்கினால் தொட்டுக்கொள்ள வெளிர் மஞ்சளில் ஒரு சாஸ் வரும். மயோனிஸ், தேன், சதகுப்பைக் கீரை. அவ்வளவுதான். மனிடோபாவைத் தாண்டினால் கேட்டாலும் கிடைக்காது என்று ஊர்க்காரர்கள் அங்கலாய்ப்பார்கள். மிட்சிஸ் என்ற கோழிக்கறி உணவகத்தின் பெயரோடு சேர்த்தே இதைப் பேசுவார்கள்.

● தேனுக்கும் கரடிக்கும்
கனடாவின் தேனில் பெரும்பங்கு மனிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா என்ற மூன்று சமவெளி மாகாணங்களிலிருந்து வருகிறது. தேன் பிரியரான வின்னி த பூ கரடிக்கும் இந்த ஊருக்கும் நேர் தொடர்பு உண்டு. 1914-இல் போருக்குப் புறப்பட்ட ராணுவ கால்நடை மருத்துவர் ஹாரி கோல்போர்ன், ஒன்டாரியோவின் வைட் ரிவர் ரயில் நிலையத்தில் 20 டாலருக்கு ஒரு கரடிக்குட்டி வாங்கி, தன் ஊரின் பெயரையே வைத்தார். லண்டன் விலங்கியல் பூங்காவில் அதைப் பார்த்த ஒரு சிறுவன் தன் பொம்மைக்கும் அந்தப் பெயரைச் சூட்டினான். அவனுடைய அப்பாதான் கதை எழுதிய ஏ. ஏ. மில்ன்.

● ஊரை இரண்டாக்கிய கேக்
ஜீன்ஸ் பேக்கரியின் பிறந்தநாள் கேக்குக்கு அடித்தளம் கேக் அல்ல, மொறுமொறு பிஸ்கட். அதன்மேல் கேக், க்ரீம், சாக்லேட் சீவல். வின்னிபெக்கில் வளர்ந்தவர்களுக்கு இது இல்லாமல் பிறந்தநாள் இல்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள், ‘அடியில் என்ன அட்டையா?’ என்பார்கள். ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்த்து நீங்களே கட்சி சேருங்கள்.

● ஷ்மூ டோர்ட்
வின்னிபெக்கின் யூதக் குடும்ப விசேஷங்களில் இருந்து வந்த இன்னொரு கேக். பஞ்சுபோன்ற கேக்கில் பீக்கன் பருப்பு, அடுக்கடுக்காக க்ரீம், மேலே வழியும் காரமெல். ஆஸ்போர்ன் வில்லேஜில் உள்ள பேக்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் இதற்குப் பெயர்பெற்ற கடை. ஒரு துண்டு இருவருக்குத் தாராளம்.

● வரிசையில் நின்று ஐஸ்கிரீம்
ஆற்றோரமாக 1957 முதல் இருக்கிறது பிரிட்ஜ் டிரைவ் இன். ஊர் வாயில் பி.டி.ஐ. குளிர் விடும்போது திறப்பார்கள், குளிர் தொடங்கினால் மூடிவிடுவார்கள். கடை திறந்த செய்தியே ஊருக்கு வசந்தம் வந்த செய்தி. ‘கூக்’ என்று ஒன்று கேளுங்கள்: புளூபெர்ரி மில்க் ஷேக்கின் தலையில் சுடச்சுட சாக்லேட் ஊற்றிய சண்டே, வாழைப்பழம், க்ரீம். வாங்கிக்கொண்டு பக்கத்து நடைபாலத்தில் நடந்துகொண்டே சாப்பிடுவது வழக்கம்.

● மைனஸ் 20-இல் ஸ்லர்பி
ஜனவரியில் இரவு வெப்பநிலை சராசரியாக மைனஸ் 21 டிகிரி. அப்படிப்பட்ட ஊர்தான் உலகின் ‘ஸ்லர்பி தலைநகர்’. அரைத்த ஐஸும் சர்பத்துமான இந்தப் பானத்தை விற்கும் செவன் இலெவன் நிறுவனமே கொடுத்த பட்டம் அது. 20 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து தக்கவைத்தார்கள். பனிக்காலத்தில் கையுறையோடு கோப்பையைப் பிடித்து உறிஞ்சுகிறவர்களைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

● தையல் மெஷினும் அடோபோவும்
1960-களின் கடைசியில் வின்னிபெக்கின் ஆடைத் தொழிற்சாலைகள் பிலிப்பைன்ஸிலிருந்து தையல் வேலைக்குப் பெண்களை அழைத்தன. இன்று ஆங்கிலத்துக்கு அடுத்து ஊரில் அதிகம் காதில் விழும் மொழிகளில் தகாலோக் ஒன்று. வினிகரில் ஊறிய அடோபோ, பொரித்த லும்பியா, ஊதா வள்ளிக்கிழங்கு இனிப்புகள் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். பிலிப்பைன்ஸின் ஜாலிபீ நிறுவனம் கனடாவில் தன் முதல் கடையை 2016 டிசம்பரில் திறந்தது டொரன்டோவில் அல்ல, வின்னிபெக்கில்.

● ஒரே தெருவில் பல நாடுகள்
சார்ஜென்ட் அவென்யூ ஒரு காலத்தில் ஐஸ்லாந்துக்காரர்களின் தெரு. இன்று அதே தெருவில் வியட்நாமிய ஃபோ, எத்தியோப்பிய இஞ்ஜெரா, பிலிப்பைன்ஸ் பேக்கரி. சோறும் காரமும் தேடி நாக்கு தவித்தால் முதலில் இங்கே போங்கள். வடமேற்கில் மேப்பிள்ஸ் பக்கம் போனால் பஞ்சாபி இனிப்புக் கடைகள். தோசை கிடைக்கும் உணவகங்களும் ஊரில் உண்டு.

● 1957-ஐ அப்படியே நிறுத்தியவர்கள்
போர்ட்டேஜ் அவென்யூவில் உள்ள ரே அண்ட் ஜெர்ரிஸ் ஸ்டேக் ஹவுஸ் 1957-இல் எழுந்த கட்டடம். சிவப்பு இருக்கைகள், மங்கலான வெளிச்சம், பழைய பாணி உபசரிப்பு. பழைய ஹாலிவுட் படத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்றிருக்கும். ஸ்டேக் சாப்பிடாதவர்களும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

● ஆகஸ்டில் போனால்
மாகாணத்தின் நூற்றாண்டையொட்டி 1970-இல் தொடங்கியது ஃபோக்லோராமா. இரண்டு வாரம், ஊரெங்கும் பள்ளிக்கூடங்களிலும் சமூகக் கூடங்களிலும் ஒவ்வொரு நாட்டவரும் ஓர் அரங்கு போடுவார்கள். ஆட்டம் பாட்டத்தோடு அந்தந்த நாட்டுச் சாப்பாடு. சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஒரே மாலையில் இரண்டு மூன்று நாடுகளைச் சாப்பிட்டு முடிக்கலாம்.

● பிப்ரவரியில் போனால்
ஆற்றுக்கு அந்தப் பக்கம் செயின்ட் பானிஃபேஸ், பிரெஞ்சு பேசும் பகுதி. அங்கே நடக்கும் ஃபெஸ்டிவல் டு வாயேஜரில் பட்டாணி சூப் தருவார்கள்; அதில் பன்றி இறைச்சி இருக்கும், கேட்டுக்கொள்ளவும். சுத்தமான பனியின்மேல் காய்ச்சிய மேப்பிள் பாகை ஊற்றி, அது இறுகும்போதே குச்சியில் சுருட்டித் தருவார்கள். அதில் கவலையே வேண்டாம்.

● ஆற்றின்மேல் பந்தி
2013-இல் சமையற்கலைஞர் மேண்டெல் ஹிட்சரும் கட்டடக் கலைஞர் ஜோ கல்டர்னிக்கும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். உறைந்த ஆற்றின்மேல் கூடாரம் போட்டு, நீண்ட மேசை வைத்து, பல வகைப் பதார்த்தங்களோடு இரவு விருந்து நடத்தினார்கள். பெயர் ரா ஆல்மண்ட். காலுக்குக் கீழே பனிக்கட்டி, அதற்குக் கீழே ஓடும் ஆறு. சீட்டு மளமளவென்று விற்றுவிட்டது, ஆண்டுதோறும் தொடர்ந்தார்கள்.

● நள்ளிரவுத் தட்டு
மனிடோபாவில் கல்யாணத்துக்கு முன் ‘சோஷியல்’ நடக்கும். கூடம் பிடித்து, டிக்கெட் விற்று, ஆடிப் பாடி, மணமக்களுக்குக் கல்யாணச் செலவுக்குப் பணம் சேர்ப்பார்கள். முன்பின் தெரியாதவர்களும் டிக்கெட் வாங்கி வரலாம். நள்ளிரவு நெருங்கும்போது ரை ரொட்டி, இறைச்சித் துண்டுகள், சீஸ், ஊறுகாய், ஓல்ட் டச் சிப்ஸ் என்று வந்து இறங்கும். யாராவது டிக்கெட் நீட்டினால் மறுக்காமல் வாங்குங்கள்.

● பொரித்த எண்ணெயின் பிறப்பிடம்
நீங்கள் தின்னும் ஃப்ரைஸ் பெரும்பாலும் கனோலா எண்ணெயில் பொரித்தது. முன்பு ரேப்சீட் எண்ணெய் கப்பல் எஞ்சின்களுக்குத்தான் பெயர்பெற்றிருந்தது. வேண்டாத அமிலத்தையும் கசப்பையும் குறைத்து அதைச் சாப்பாட்டு எண்ணெயாக்கியவர்கள் மனிடோபா பல்கலைக்கழகத்தின் பால்டர் ஸ்டெஃபான்சனும் சஸ்கட்டூனின் கீத் டவுனியும். 1974-இல் ஸ்டெஃபான்சனின் ‘டவர்’ ரகம் வந்தது. ஜூலையில் நகரைவிட்டு வெளியே போனால் வானத்தின் விளிம்பு வரை மஞ்சள் பூ.

● நம் சட்டியில் சமவெளி
இந்தச் சமவெளிக்கும் நமக்கும் உள்ள தொடர்பு பருப்பு. உலகில் மைசூர்ப் பருப்பு இனத்தை அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. அதில் பெரும்பகுதி பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவானில் விளைகிறது. இந்தியாவும் இலங்கையும் அதை வாங்குகின்றன. யாழ்ப்பாணத்து வீட்டின் பருப்புக்கறி இந்த மண்ணிலிருந்து போனதாகவும் இருக்கலாம்.

● சமவெளியின் மற்ற ஊர்கள்
கால்கரிக்குப் போனால் இஞ்சி பீஃப்: 1970-களில் சில்வர் இன் என்ற சீன உணவகத்தில் பிறந்தது. சீசர் என்ற மதுக்கலவையும் 1969-இல் அங்கே வால்டர் செல் உருவாக்கியது. தக்காளிச் சாறு மட்டுமல்ல, சிப்பிச் சாறும் அதில் உண்டு. எட்மன்டனில் வெங்காயத்தாள் அடை. ஒவ்வொரு ஊரும் தன்னுடையதே உசத்தி என்று சாதிக்கும்.

● மெனு விலை முழு விலை அல்ல
20 டாலர் என்று போட்டிருந்தால் 20 டாலர் கொடுத்துவிட்டு எழுந்துவிட முடியாது. மத்திய வரி 5 சதவீதம், மாகாண வரி 7 சதவீதம், ஆக 12 சதவீதம் பில்லில் ஏறும். அதற்குமேல் டிப்ஸ். உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் 15 முதல் 20 சதவீதம் வழக்கம். 20 டாலர் சாப்பாடு கையைவிட்டுப் போகும்போது 26 டாலரை நெருங்கும்.

● கார்டு மெஷினின் கேள்வி
மெஷினை நீட்டும்போது திரையில் டிப்ஸ் சதவீதங்கள் வரிசையாக வரும். பல மெஷின்கள் வரி சேர்த்த தொகைக்கே கணக்குப் போடும். நீங்களே தொகையைப் போடவும் வழியுண்டு. கவுன்டரில் வாங்கிக்கொண்டு போகிற காபிக்கும் கேட்கும். அங்கே கொடுக்காவிட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் கொடுக்காமல் வருவது மட்டும் மரியாதைக் குறைவு.

● தனித்தனியா, சேர்த்தா?
பில் கொண்டுவருமுன் சேர்த்துப் போடவா, தனித்தனியாகவா என்று கேட்பார்கள். நாலு நண்பர்கள் போனால் நாலு பில் என்பது அங்கே சகஜம்; கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு சென்ட் நாணயம் 2013-இல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டதால், ரொக்கமாகக் கொடுத்தால் அருகிலுள்ள 5 சென்ட்டுக்கு முழுமையாக்குவார்கள். மிச்சம் வைத்ததைக் கேட்டால் டப்பா தருவார்கள். கேட்பதில் வெட்கமே இல்லை.

● நேரம் முக்கியம்
ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 9.40 ஆகிவிடும். வெளிச்சத்தை நம்பிச் சாவகாசமாகப் போனால் சமையற்கட்டை மூடியிருப்பார்கள். மாலை 6 மணிக்கே இரவுச் சாப்பாடு அங்கே இயல்பு. சிறு உணவகங்கள் பல திங்கட்கிழமை விடுமுறை. மனிடோபாவில் மது அருந்தும் வயது 18. இளமையாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள்.

● ஒரே நாள்தான் கையில் இருக்கிறதா?
காலையில் ஃபோர்க்ஸ் மார்க்கெட்டில் சுற்றுங்கள். மதியம் பெரோகி, இறைச்சி சாப்பிடுபவர் என்றால் ஃபேட் பாய். மாலை, கோடையானால் பி.டி.ஐ. ஐஸ்கிரீம். இரவு பிக்கரல் மீன். சைவர் என்றால் சார்ஜென்ட் அவென்யூவில் எத்தியோப்பியப் பருப்பும் இஞ்ஜெராவும். ஒவ்வொரு கடையிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது?’ வேலை நெருக்கடி இல்லாத நேரமானால் நின்று பதில் சொல்வார்கள். அதற்காகவே இன்னும் ஒரு டாலர் டிப்ஸ் சேர்த்து வையுங்கள்.